புரட்டாசியில் லடாக்

எங்களுடையது சாமியானாக் கடை. காஞ்சிபுரத்தில் கல்யாணம், காதுகுத்து, சாவு, கோயில் திருவிழா எதுவானாலும் பந்தல், நாற்காலி, ஜமக்காளம், சமையல் அண்டா எல்லாம் எங்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்தாறு வருடமாக நானும் இந்த வேலையில்தான் இருக்கிறேன். என் கணவர் கம்பம் நடுவார், மேலே ஏறி முடிச்சுப் போடுவார். துணி கிழிந்தால் தைப்பது என் வேலை. ஆள் வராத நாளில் நானும் கயிறு பிடிப்பேன், முளை அடிப்பேன்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பந்தலில் படுத்திருக்கிறேன். பொருளுக்குக் காவல் இருக்கவேண்டி, மடித்து வைத்த ஜமக்காளத்தின்மேல், கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. அதெல்லாம் யாரோ ஒரு வீட்டுப் பெண்ணுக்காகக் கட்டிய பந்தல். எனக்கென்று ஒருத்தர் கூடாரம் கட்டியதில்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை, என் மகள் அந்த வீடியோவைக் காட்டும்வரை.

மகள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ்ஸில் தினமும் போய் வருபவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, "ம்மா, இத்த பாரேன்" என்று போனை நீட்டினாள். லடாக்கில் எங்கோ, புல் பூண்டு இல்லாத காவி நிற மலைகளுக்கு நடுவே வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். உள்ளே கட்டில், மெத்தை, தரைக்குக் கம்பளம். பின்னால் ஒரு திரையை விலக்கினால் குளியலறைகூட இருந்தது. கிளாம்பிங் என்று அதற்குப் பெயராம். நாமே டென்ட் அடித்துப் படுத்தால் கேம்பிங், அவர்களே எல்லாம் செய்துவைத்து நம்மைப் படுக்கச் சொன்னால் கிளாம்பிங் என்று விளக்கினாள். வீடியோவின் கடைசியில் ஓர் ஏரி வந்தது. அதன் கரையில் சின்னச் சின்னதாக ஆரஞ்சு நிற டென்ட்டுகள்.

"இன்னொரு வாட்டி போடு" என்றேன். போட்டாள். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு, "நான் இங்க போணும்" என்றேன்.

என் கணவர் வாசலில் உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். சத்தமாகச் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் டென்ட் போட்றவங்க நாம. டென்ட்டுல படுக்கிறதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போணுமா? கேட்டா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டுமே" என்றேன்.

சிரிக்கவும் செய்தார்கள். எங்களுக்குப் புரட்டாசி மாதம்தான் ஓய்வு. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிற பந்தல் வேலை இருக்கும். புரட்டாசியில் பெரிதாக ஒன்றும் வராது. லடாக்கில் அந்த மாதத்தோடு கூடாரங்களைப் பிரித்துவிடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும் என்று மகள் தேதி பார்த்துச் சொன்னாள். "புரட்டாசில மலைக்குப் போறதுன்னா திருப்பதிக்குப் போவாங்க, இவங்க மொட்டை மலைக்குப் போறாங்களாம்" என்று என் கணவரின் அண்ணன் வீட்டில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. மகள் தன் சேமிப்பிலிருந்து டிக்கெட் எடுத்தாள். எங்கள் இருவருக்கும். மனைவியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவரும் சம்மதித்தார்.

உயரமான இடத்தில் மூச்சு வாங்கும், உடம்பைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று மகள் சொன்னதிலிருந்து நான் தினமும் விடிந்ததும் நடக்க ஆரம்பித்தேன். காஞ்சிபுரத்தில் ஏறுவதற்கு மலை ஏது? வீட்டிலிருந்து ஏனாத்தூர் வரைக்கும் போய்த் திரும்புவேன். எங்கள் பக்கத்துத் தெருவில் அந்த நேரத்தில் நெசவுக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டித் தயார் செய்துகொண்டிருப்பார்கள். அதைத் தாண்டக்கூடாது என்று ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவேன். முதல் வாரம் பாதி வழியில் முட்டி வலித்தது. மூன்றாவது வாரம் காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் நான் ஏனாத்தூரில் டீ குடித்து முடித்திருந்தேன். அவரையும் கூப்பிட்டேன். "இருவது அடி கம்பம் ஏறுறவன் நானு. எனக்கு இன்னாத்துக்கு நடை?" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து லே. விமானம் இறங்கும்போது கீழே பார்த்தேன். பனி மூடிய சிகரங்கள் முடிந்து, வறண்ட மலைகள் மடிப்பு மடிப்பாக விரிந்து கிடந்தன. ஒரு மரம் கண்ணில் படவில்லை. பள்ளத்தில் ஆறு ஓடிய இடத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு. விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் வெயில் சுட்டது, நிழலுக்கு நகர்ந்தால் குளிர் நடுக்கியது.

இரண்டு நாள் லேயில் சும்மா இருக்க வேண்டும், படி ஏறக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எங்களை அழைத்துப்போக வந்த டிரைவர் சொன்னார். லடாக்கைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். எங்கள் கடையில் வேலை செய்பவர்களில் இரண்டு பேர் ஆற்காட்டுப் பக்கத்து உருது பேசுகிறவர்கள். அவர்களோடு பழகியதில் எனக்கு உடைந்த உருது வரும். அதை வைத்து டிரைவரோடு பேசிச் சமாளித்தேன்.

நான் அவர் சொன்னபடி அறையில் கிடந்தேன். என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் நாள் சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய், அதற்குப் பின்னால் இருந்த மேட்டிலும் ஏறி இறங்கி வந்தார். "ஒண்ணியும் ஆவல, பாத்தியா?" என்று மார்பைத் தட்டிக் காட்டினார். மறுநாள் காலையில் அவருக்குத் தலைவலி இருந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. நாஷ்டா சரியாகச் சாப்பிடாமல் எழுந்தபோது கேட்டேன். "ரொட்டி புடிக்கல" என்றார். நானும் விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

மூன்றாம் நாள் காலையில் உயரமான சமவெளிக்குப் புறப்பட்டோம். அங்கே இரண்டு நாள் சொகுசுக் கூடாரம், பிறகு இன்னும் தள்ளியிருக்கிற ஏரிக்கரையில் ஒரு நாள் சாதாரண டென்ட் என்று ஏற்பாடு. வழியெல்லாம் சிந்து நதி கூடவே வந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த பெயர் இப்படிச் சாம்பல் பச்சையாக, எங்கள் ஏரிக் கால்வாய் அளவில் ஓடுகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. ஓரிடத்தில் காட்டுக் கழுதைகள் கூட்டமாக நின்று எங்களைப் பார்த்தன. நான் காட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமல் "உம்" என்றார்.

மதியம் போய்ச் சேர்ந்தோம். வீடியோவில் பார்த்தது போலவேதான் இருந்தது. மரப் பலகைத் தரை, மேலே சிவப்புக் கம்பளம், வெள்ளை விரிப்புப் போட்ட அகலக் கட்டில். மேஜையில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர். கூடாரத் துணியின் தையலைத் தடவிப் பார்த்தேன். இரட்டைத் தையல், ஓரத்தில் தோல் பட்டை. செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். மெத்தை மெதுவாக இறங்கி என்னைத் தாங்கிக்கொண்டது. பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன்.

வெளியே அவர் வழக்கம்போல் முளைகளைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது கால் பின்னிக்கொண்டது. குடித்தவர் போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். குடிப்பழக்கம் இல்லாத மனிதர். நான் ஓடிப் பிடித்தேன். உதடு நீலமாக இருந்தது.

"இன்னாங்க பண்ணுது?"

"தல... தல பொளக்குதும்மா. நேத்துலர்ந்தே." சொல்லும்போதே வாந்தி எடுத்தார்.

கூடாரங்களைக் கவனிக்கும் மேலாளர் ஓடிவந்து விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார். அதில் வந்த எண்ணை என்னிடம் காட்டவில்லை. டிரைவரிடம் மட்டும் ஏதோ சொன்னார். உடனே ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. என்னிடம் திரும்பி, "கீழே இறங்குவதுதான் மருந்து. இப்போதே கிளம்புங்கள்" என்றார். பெட்டியைக்கூட நாங்கள் திறந்திருக்கவில்லை. அப்படியே வண்டியில் போட்டோம்.

வந்த வழியே ஐந்து மணி நேரத்துக்கு மேல். பின் சீட்டில் அவர் தலை என் தோளில். சிலிண்டர் என் மடியில். முகமூடியை நான் அழுத்திப் பிடித்திருந்தேன். டிரைவர் எங்கும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் "நல்லாயிடுவார், அக்கா. கீழே போகப்போக நல்லாயிடுவார்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் சாமி பெயர் எதுவும் சொல்லவில்லை. என் கணவரின் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன். முதலில் நாய் இரைப்பது மாதிரி இருந்தது. ஆற்றோரத்துக்கு இறங்கிய பிறகு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. லே ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தானே நடந்து உள்ளே போனார்.

மறுநாள் காலையில் இட்லி கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அங்கே இட்லிக்கு எங்கே போவது?

அவரைக் கவனித்தவர் ஒரு பெண் டாக்டர். ஆபத்து நீங்கிவிட்டது, சாயங்காலம் ஹோட்டலுக்குப் போகலாம், ஆனால் இதற்குமேல் உயரத்துக்குப் போகவே கூடாது, விமானம் வரைக்கும் அறையில் ஓய்வாக இருக்க வேண்டும் என்றார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "நான் போகலாமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விரலில் கருவியை மாட்டினார். மூச்சை இழுத்து விடச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டார். தலைவலி உண்டா, தூக்கம் வந்ததா என்று விசாரித்தார். "நீங்கள் போகலாம். ஒரு ராத்திரிதானே? தலை வலித்தால் மறைக்காமல் சொல்லிவிட்டு உடனே இறங்க வேண்டும்" என்றார்.

ஹோட்டல் அறையில் அவரைப் படுக்க வைத்துக் கஞ்சி கொடுத்தேன். ஹோட்டலை நடத்தியவரின் மனைவி காய்ச்சிக் கொடுத்தது. குடித்து முடித்ததும் சொன்னேன்.

"நாளைக்கு ஏரிக்குப் போறேன். ஒரு நாள்தான். மறுநாள் மத்தியானம் வந்துருவேன்."

"தனியாவா?" என்றார்.

"டிரைவர் கூட்டிக்கினு போறாரு. அங்க இன்னொரு புருசன் பொண்டாட்டியும் வராங்களாம்."

"நான் இங்க இப்டி கெடக்கறேன். ஒனக்கு டென்ட்டு கேக்குதா?"

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. போனில் மகளிடம் சொன்னால் அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். வீடியோவைக் காட்டியவளே குரலை உயர்த்தினாள்.

"ம்மா, அப்பாவ வுட்டுட்டு எப்டிம்மா போவ? அதெல்லாம் ஒண்ணும் வாணாம். ரெண்டு பேரும் ரூமுலயே இருங்க. நான் அடுத்த வருசம் கூட்டிக்கினு போறேன்."

"அடுத்த வருசம் நீ கல்யாணமாகி எங்க இருப்பியோ. எனக்கு முட்டி எப்டி இருக்குமோ. அப்பாவுக்கு இப்ப நல்லா இருக்குது. டாக்டரு சொல்லிட்டாங்க. நான் போய்ட்டு வரேன்" என்றேன்.

"பிடிவாதம் புடிக்காதம்மா."

"பிடிவாதந்தான்" என்று சொல்லி போனை வைத்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட நான் தனியாக வெளியூரில் தங்கியதில்லை. அம்மா வீட்டுக்குப் போனாலும் சாயங்காலம் திரும்பிவிடுவேன். யாரும் போகாதே என்று சொன்னதில்லை. போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்போது தோன்றியது. தோன்றியதை அமுக்கிவிட்டு ஊருக்குப் போனால் அவர் ஒவ்வொரு தடவை இருமும்போதும் எனக்கு இந்த ஏரிதான் ஞாபகம் வரும், அவர்மேல் வெறுப்பு வரும் என்று பயந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலே என் பையைக் கட்டினேன்.

காலையில் வண்டி வந்து நின்றது. அவருக்குப் பக்கத்தில் வெந்நீர், மாத்திரை, போன் எல்லாம் எடுத்து வைத்தேன். ஹோட்டல்கார அம்மா மணிக்கொருதரம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். "வரேங்க" என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பாமலே சொன்னார்:

"அந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேலதான் காத்து வருமாம். கயிறு கட்டறப்ப கைய பாத்துக்கோ."

"கிளாம்பிங் முடிஞ்சிபோச்சி. இது சும்மா டென்ட்டு. அவங்களே கட்டி வெச்சிருப்பாங்க" என்றேன்.

ஆனால் கட்டி வைத்திருக்கவில்லை.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை மணி. முந்தைய நாள் அடித்த காற்றில் அங்கிருந்த டென்ட்டுகள் சரிந்துவிட்டதால், எல்லாவற்றையும் பிரித்து வேறு இடத்தில் மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள் அந்த முகாமை நடத்திய பெண். என் வயதுதான் இருக்கும். கன்னம் வெயிலில் கறுத்து, இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். "ஜூலே" என்று அவர்கள் பாணியில் வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி வேலைக்குக் குனிந்தாள். எனக்கு முன்பே வந்திருந்த மராட்டியத் தம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குளிருக்குத் தங்கள் வண்டிக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏரியை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். நீலம் என்று சொன்னால் போதாது. புதுச்சாயம் தோய்த்து நிழலில் காயப்போட்ட பட்டு நூல் போல ஓரிடத்தில் கரும்பச்சை, ஓரிடத்தில் ஊதா. அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கலாம். ஆனால் காற்று வந்துவிட்டது.

அது ஊர்க் காற்று மாதிரி இல்லை. ஆடிக் காற்றில் பந்தல் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆடிக் காற்று விட்டுவிட்டு வரும், நடுவில் மூச்சு விட நேரம் தரும். இது ஒரே பிடியாகப் பிடித்துத் தள்ளியது. சமையல் டென்ட் ஒன்று பெரிதாக, நடுவில் ஒற்றைக் கம்பத்தோடு நின்றிருந்தது. உள்ளே ஸ்டவ்வில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பக்கத்து முளை இரண்டு பிடுங்கிக்கொண்டு எகிறின. துணி படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் உள்ளே ஓடி ஸ்டவ்வை அணைத்துவிட்டு நடுக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஒரு கயிற்றைப் பிடித்தார். நான் இன்னொன்றைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. எரிந்தது. விடவில்லை. காலைப் பரப்பி உட்கார்ந்துகொண்டு இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

டிரைவர் முளையை மறுபடி அடித்தார். அடித்த வேகத்தில் இறங்கியது, இழுத்த வேகத்தில் வந்துவிட்டது. நான் மண்ணை அள்ளிப் பார்த்தேன். பொடிக்கல்லும் மணலுமாக உதிர்ந்தது. பாலாற்றில் தை மாதத் திருவிழாவுக்குப் பந்தல் போடும்போது எங்களுக்கும் இதே தலைவலிதான். ஆற்று மணலில் முளை நிற்காது. சாக்கில் மணல் கட்டிக் குழி தோண்டிப் புதைத்து, அதில்தான் கயிற்றைக் கட்டுவோம்.

"பை! காலிப் பை இருக்கா?" என்று எனக்குத் தெரிந்த உருதுவில் கத்தினேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் கம்பத்தைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். கையால் மூட்டை கட்டுவது போலவும் புதைப்பது போலவும் காட்டினேன். உடனே புரிந்துவிட்டது. தாடையால் மூலையைக் காட்டினாள். அரிசி, மாவு வந்த சாக்குகள் மடித்துக் கிடந்தன. மராட்டிய ஆசிரியரும் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். என் கயிற்றை அவரிடம் கொடுத்துவிட்டு நான் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஓடியதுதான் தப்பு. நாலடி வைப்பதற்குள் கண் இருட்டியது. நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். அவருடைய நீல உதடு கண்முன் வந்தது. இங்கே விழுந்தால் என்னை யார் மடியில் போட்டுக்கொண்டு போவார்கள்? டாக்டர் சொன்னதை நினைத்துத் தலை வலிக்கிறதா என்று எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. மூச்சுதான் போதவில்லை. சரி, மெதுவாகச் செய்வோம் என்று முடிவு செய்தேன். மூன்று கை மணல் அள்ளினால் பத்து மூச்சு. மறுபடி மூன்று கை. ஒரு சாக்கு நிறைந்ததும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பேன். அவள் கம்பத்தை டிரைவரிடம் விட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்து குழி தோண்டினாள். "நீங்க உக்காருங்க ஆச்சே, நான் பாத்துக்கறேன்" என்று ஜாடையும் இந்தியுமாகச் சொன்னாள். ஆச்சே என்றால் அக்காவாம், பிறகு தெரிந்துகொண்டேன். நான் உட்காரவில்லை. சாக்கைக் குழியில் குறுக்காகப் படுக்க வைத்து, நடுவில் கயிற்றை இரண்டு சுற்றுப் போட்டு, எங்கள் முடிச்சைப் போட்டேன். அவள் மண்ணைத் தள்ளி மிதித்தாள். கயிற்றை ஆள் வைத்து இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

நாலு சாக்கு. ஊரில் பேசிக்கொண்டே அரை மணியில் முடித்துவிடும் வேலை. அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசி முடிச்சைப் போட்டபோது நகக்கண்ணில் ரத்தம். சமையல் டென்ட் காற்றில் வயிறு உப்பி உப்பி அடங்கியது, ஆனால் நின்றது. அவள் ஒரு துண்டுக் கயிற்றில் என்னை அந்த முடிச்சைப் போடச் சொல்லிப் பார்த்து, அவிழ்த்து, தானே ஒருமுறை போட்டுப் பார்த்தாள். இரண்டாம் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குக்கூட மூச்சு வாங்கியது.

அதன்பிறகு உப்புப் போட்ட வெண்ணெய் டீ கொடுத்தாள். முதல் மடக்கில் ரசத்தில் நெய் ஊற்றிக் குடித்தது மாதிரி இருந்தது. இரண்டாவது கோப்பை நானே கேட்டு வாங்கினேன். என் கை எரிச்சலுக்கு ஏதோ களிம்பு தடவினாள். சாதமும் பருப்பும் உருளைக்கிழங்கும் சமைத்தாள். முட்டை வேண்டுமா என்றாள். புரட்டாசி என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? "இந்த மாசம் சாமி மாசம்" என்றேன். தலையை ஆட்டினாள். அவர்களுக்கும் அப்படி மாதம் உண்டாம்.

காற்று அடங்கியதும் என்னுடைய சின்ன டென்ட்டை இருவருமாக அடித்தோம். யாராவது எனக்குக் கூடாரம் கட்டித் தரமாட்டார்களா என்று புறப்பட்டு வந்தவள், பாதி டென்ட்டை என் கையாலேயே கட்டினேன். ஒரு மனத்தாங்கலும் இல்லை. வளையும் கம்பிகளை அவள் கோத்துக் கொடுக்க, நான் துணியை இழுத்து மாட்டினேன். உள்ளே பாய், அதன்மேல் தடித்த தூக்கப்பை, இரண்டு கம்பளி. படுத்தால் கால் நீட்டலாம், எழுந்து நிற்க முடியாது. அவ்வளவுதான் இடம். ஜிப்பை இழுத்து மூடியபோது எனக்குப் பிடித்திருந்தது. காவல் காக்க வேண்டிய பொருள் ஒன்றும் உள்ளே இல்லை.

தூக்கம் விட்டுவிட்டுத்தான் வந்தது. அவரை நினைத்தேன். அங்கே போன் எடுக்காது. விட்டுவிட்டு வந்தது தப்போ என்று ஒரு பக்கம் புரண்டேன். தப்பாகவே இருந்தாலும் வந்தாயிற்று, இனி நன்றாகப் பார்த்துவிட்டுப் போவோம் என்று மறுபக்கம் புரண்டேன். விடிந்து பார்த்தால் பாட்டில் தண்ணீர் உறைந்து கட்டியாகியிருந்தது.

வெளியே வந்தேன். காற்றே இல்லை. ஏரி அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை மலையின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்து, மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு சத்தம் கிடையாது. எங்கள் தெருவில் விடிந்தால் தறிச் சத்தம், பஸ் சத்தம், கோயில் மணி, மைக் செட். சத்தமே இல்லாத இடத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. என் மூச்சு உள்ளே போய் வெளியே வருவது கேட்டது. வெயில் தண்ணீரைத் தொடும்வரை நின்றேன். அழவில்லை, சாமி கும்பிடவில்லை, போட்டோ எடுக்கவும் மறந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தேன். யாரையும் சேர்த்துக்கொள்ளாமல், எனக்கு மட்டும்.

புறப்படும்போது அவள் என் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்து, "இனி ஓடாதீங்க" என்றாள்.

லேக்குத் திரும்பும்போது மதியம் இரண்டரை. அறையில் அவர் இல்லை. பையைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தேன். பிறகு பார்த்தால் ஹோட்டல் முற்றத்தில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஹோட்டல்கார அம்மா உலர்த்திய ஆப்ரிகாட் பழக் கொட்டையை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார். கோபம் போயிருக்கவில்லை, உதட்டில் தெரிந்தது.

"சாப்டியா?" என்றார்.

"உம். நீங்க?"

"கஞ்சிதான்." பிறகு என் கையைப் பார்த்தார். "இன்னாது இது?"

சொன்னேன். அடுத்த ஒரு மணி நேரம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பம் மரமா இரும்பா? சாக்கை எவ்வளவு ஆழத்தில் புதைத்தீர்கள்? கயிறு நூலா, நைலானா? காற்று எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம்? வாசலைக் காற்றுப் பக்கம் வைத்திருந்தார்கள் என்றதும் உச்சுக் கொட்டினார். ஏரியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நானும் சொல்ல முயன்று, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சுத்தியலை மறுபடி எடுத்தார். ஒரு கொட்டையை உடைத்துப் பருப்பை என் பக்கம் நீட்டினார்.

"நான் மேட்டுல ஏறினது தப்புதான். தலைவலின்னு ஒங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து தப்பு என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். "நீ போவாம இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அதயும் சொல்லிட்றேன்."

"தெரியும்" என்றேன். "எனக்குப் போனது நல்லா இருந்துது."

"மூஞ்சப் பாத்தாலே தெரியுது" என்றார்.

பருப்பு லேசாகக் கசந்தது. தின்றுவிட்டு, நாற்காலியை வெயில் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து நானும் கொட்டை உடைக்க ஆரம்பித்தேன்.